மூன்றாவது மடிப்பு

"நான் வளந்தா இதுவும் வளருமா?"

கேட்டது நான்கு வயதுப் பையன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் கருநீலக் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு, கடையின் நடுவில் நட்சத்திர மீன் மாதிரிக் கைகால்களைப் பரப்பி நின்றுகொண்டு கேட்டான்.

கடைக்காரி போர்கில்ட் மண்டியிட்டு, அங்கியின் கால் பக்கத்தை உள்புறமாகத் திருப்பிக் காட்டினாள். "இங்க பாரு. உள்ள மூணு மடிப்பு ஒளிஞ்சிருக்கு. கையிலயும் மூணு இருக்கு. நீ வளர வளர ஒவ்வொண்ணா வெளிய வரும்."

"அது தூங்குதா?"

"ஆமா, தூங்குது. வருஷத்துக்கு ஒண்ணை எழுப்புவோம்."

"யாரு எழுப்புவா?"

"அதோ, தையல் மெஷின்ல உக்காந்திருக்காளே சிக்ருன், அவதான்."

பையன் எட்டிப் பார்த்தான். "அவங்க கோவமா இருக்காங்க."

"வாயில குண்டூசி வச்சிருந்தா உன் மூஞ்சியும் இப்படித்தான்டா இருக்கும்" என்றாள் சிக்ருன், குண்டூசியை எடுக்காமலே. பையன் சிரித்தான். அவனுடைய அப்பா, தீவுகளுக்கு ஆட்களையும் கார்களையும் ஏற்றிப் போகும் ஃபெர்ரிப் படகில் வேலை பார்க்கும் உயரமான மனிதர், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலோரம் நின்று தானும் சிரித்தார்.

அந்தக் கேள்வி போர்கில்டுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த வாரமே கல்லாவுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரில் அதைப் பெரிய நீல எழுத்துகளில் எழுதினாள். கேட்ட பையனின் பெயரும் முகமும் கொஞ்ச நாளில் அவளுக்கு மறந்துவிட்டன. கேள்வி மட்டும் சுவரில் நின்றது.

வடக்குக் குளிர்நாட்டின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஃப்ளோரெ நகரத்தில் மழை நின்ற நாளை விரல்விட்டு எண்ணலாம். மழை, காற்று, பனி எதுவானாலும் பாலர் பள்ளிப் பிள்ளைகள் வெளியில்தான் விளையாட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆகவே இங்கே ஒரு குளிர்காலம் முடிவதற்குள் பிள்ளைகளின் முழங்கால் துணி கிழிந்துவிடும், ஜிப் கழன்றுவிடும், இல்லாவிட்டால் பிள்ளை வளர்ந்துவிடும். முன்பெல்லாம் வசந்தம் வந்தால் ஊர்க் குப்பைத்தொட்டிகளில் வண்ண வண்ண அங்கிகள் தலைகீழாகக் கிடக்கும்.

போர்கில்ட் பெர்கன் நகரத்தில் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தவள். இரண்டு குளிர்காலத்துக்கு மேல் தாங்காத ஜிப்பாகப் பார்த்து வைக்கும்படி ஒருநாள் அங்கே சொன்னார்கள். அன்று மதியம் சாப்பாட்டு ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. இங்கே வந்து, படகுத்துறையைப் பார்த்த ஒரு பழைய மீன் கிடங்கில் கடை போட்டாள். அவளுடைய அங்கியில் எல்லாமே பிரித்து மாட்டக்கூடியவை. ஜிப் கெட்டால் ஜிப்பை மட்டும் மாற்றலாம். முழங்கால் தனித் துண்டு. தேய்ந்தால் அதை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். மூன்று மடிப்புகளும் முடிந்தால் தம்பிக்கோ, அத்தை பெண்ணுக்கோ போகும். எந்தப் பழுதுக்கும் கூலி கிடையாது.

இலையுதிர் காலம் வந்ததும் பெற்றோர்களின் கைப்பேசிக்குக் கடையிலிருந்து ஒரு செய்தி போகும். பிள்ளையின் பெயரைப் போட்டு, "வளர்ந்திருப்பான். அங்கியைக் கொண்டு வாருங்கள், ஒரு மடிப்பை இறக்கித் தருகிறோம்" என்று இருக்கும். கடன்காரன் அனுப்புவது போலவோ வியாபாரி அனுப்புவது போலவோ இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாகக் கூப்பிடுவது போல இருந்தது அது. தீவுகளிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்தார்கள். வரும்போது வாஃபிள் சுட்டுக்கொண்டு வந்தார்கள். நகரத்தின் மற்றக் கடைகள் பாதி விலை என்று பலகை வைத்தாலும், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் பழைய அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போர்கில்டின் கடைக்குள் நுழைந்தார்கள். "வித்த அன்னிக்குத்தான் சிநேகம் ஆரம்பிக்குது" என்று அவள் சொல்வாள். உண்மையாகவே அப்படி நினைத்தாள்.

கேள்வி கேட்ட பையனின் பெயர் வெட்லே. வெளித்தீவில் வீடு. அடுத்த பிப்ரவரியில், புயல் அடித்த ஒரு வாரத்தில், மூளைக்காய்ச்சல் கண்டு ஒரே நாளில் இறந்துபோனான்.

அந்தத் தீவின் செய்திகள் நகரத்துக்கு வருவதில்லை. போர்கில்டுக்குத் தெரியாது. சிக்ருனுக்குத் தெரியும். அவள் பக்கத்துத் தீவில் பிறந்தவள். இரண்டு தீவுக்கும் ஒரே ஜெபவீடு. அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்று பாட்டுப் பாடிவிட்டு வந்தாள். கடையில் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை வியாபாரம் நடக்கும் இடத்தில் வைத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

செய்தி அனுப்பும் கணினிக்கும் யாரும் சொல்லவில்லை.

செப்டம்பரில் வெட்லேயின் அப்பா ஹோவார் ஃபெர்ரியின் தளத்தில் கார்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது அது வந்தது. 'வெட்லே வளர்ந்திருப்பான்.' பின்னால் நின்ற லாரிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் அவர் கையை அசைத்தார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி ராக்னாவின் கைப்பேசியிலும் அதே செய்தி வந்திருந்தது. அவள் அங்கியை மேசைமேல் எடுத்து வைத்திருந்தாள்.

"கொண்டு போ, ஹோவார்."

"வேணாம் ராக்னா. நான் அவங்களுக்குச் சொல்லிடறேன். இனிமே அனுப்பாதீங்கன்னு..."

"என்னன்னு சொல்லுவ? அவன் வளரலன்னா?" அவள் குரல் உயரவில்லை. "வளரும்னு அவன்கிட்டச் சொன்னாங்க இல்ல? கொண்டு போ."

அவர் கையை நீட்டினார். அவள் விடவில்லை.

"துவைக்கக் கூடாது. அதை மட்டும் சொல்லு. துவைக்கவே கூடாது."

ஏன் என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அங்கியின் கழுத்துப்பட்டைக்குள் வெட்லே இன்னும் இருந்தான். வியர்வை, கடல் உப்பு, அவன் எப்போதும் மோவாயில் வழியவிட்ட பழுப்புச் சீஸ், தலைமுடி வாசனை. ராக்னா தினமும் படுக்கப் போகும் முன் இழுப்பறையைத் திறப்பாள். ஒரே ஒரு மூச்சு. பிறகு மூடிவிடுவாள். அடிக்கடி திறந்தால் தீர்ந்துபோகும் என்று பயந்தாள். அவளை மறுநாள் காலையில் எழுந்திருக்க வைத்தது அந்த ஒரு மூச்சுதான். வேறு எதுவும் இருந்ததாக ஹோவாருக்குத் தெரியவில்லை.

அவர் கடைக்குப் போனபோது போர்கில்ட் கல்லாவில் யாரோ ஒரு இரட்டைக் குழந்தைக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஹோவார் சுவரில் இருந்த நீல எழுத்துகளைப் பார்த்தார். பிறகு நேராக உள்ளே சிக்ருனிடம் போனார்.

"மடிப்பு ஒண்ணு" என்றார்.

சிக்ருன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அங்கியைப் பார்த்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"இப்பவே பண்ணித் தரேன். உக்காருங்க."

"துவைக்க வேணாம்."

"இல்ல. துவைக்கல."

அவ்வளவுதான் பேச்சு. அவள் கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கழுத்துப் பக்கம் தன் கை படாதபடி அதை ஒரு சுத்தமான துணியில் சுற்றி ஒதுக்கி வைத்தாள். நூலைப் பிரித்தாள், மடிப்பை இறக்கினாள், தைத்தாள். கால்கள் நான்கு விரற்கடை நீண்டன. உள்ளே மடிந்திருந்த துணி வெயிலும் மழையும் காணாததால் இன்னும் பளிச்சென்ற நீலமாக, காலைச் சுற்றி ஒரு பட்டை போலத் தெரிந்தது. வளர்ந்த பிள்ளைகளின் அங்கியில் எல்லாம் அந்தப் பட்டை இருக்கும். தாய்மார்கள் அதைத் தொட்டுப் பார்த்துப் பெருமைப்படுவார்கள்.

ஹோவாரும் அதைத் தொட்டுப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருடமும் செய்தி வந்தது; அவரும் வந்தார். இரண்டாவது மடிப்பு இறங்கியது. அந்த முறை "துவைக்க வேணாம்" என்று அவர் சொல்லத் தொடங்கும் முன்பே சிக்ருன் தலையை ஆட்டிவிட்டாள். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொன்னால், நீ கேட்டதை மறந்துவிடுவாய் என்று குற்றம் சாட்டுவது போல ஆகும். ஆகவே சொல்ல மாட்டோம். கேட்கவும் மாட்டோம். அதை நாங்கள் மரியாதை என்று நினைக்கிறோம்.

ராக்னா அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். உறவினர்கள் வெட்லேயின் பெயரை அவள் முன்னால் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சொன்னாலும் 'இருந்தான்' என்றே சொன்னார்கள். 'வளர்ந்திருப்பான்' என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

மூன்றாவது இலையுதிர் காலத்தில் சிக்ருன் படகுத்துறையில் பாசி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தாள். தையல் மேசையில் போர்கில்டே உட்கார்ந்தாள். பழைய நாட்களைப் போல நூலும் ஊசியுமாக இருப்பது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஹோவார் உள்ளே வந்தார். மேசையில் வேறு ஆள் இருப்பதைக் கண்டு ஒரு நிமிடம் தயங்கினார்.

"சிக்ருன் இல்லயா?"

"கை ஒடிஞ்சு போச்சு. நான்தான் இன்னிக்குச் சின்ன சிக்ருன். குண்டூசிய வாயில வச்சுக்கட்டுமா, அப்பத்தான் நம்புவீங்களா?"

அவர் மெல்லச் சிரித்து அங்கியை நீட்டினார். "மடிப்பு. கடைசி மடிப்பு."

போர்கில்ட் அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்து வெளுத்திருந்தன. காய்ந்த சேறு. நெஞ்சில் என்னவோ வழிந்து இறுகிய கறை.

"அடேயப்பா! என்ன ஹோவார், உங்க வாஷிங் மெஷின் கடல்ல விழுந்துடுச்சா?" என்று அவள் கலகலவென்று சிரித்தாள். "மூணு வருஷச் சேறு இதுல இருக்கும் போலயே. உங்க பையன் பெரிய போக்கிரியா இருப்பான்னு நினைக்கறேன்."

"ஆமா" என்றார் ஹோவார். "போக்கிரிதான்."

"வியாழக்கிழமை வாங்க. ராஜா மாதிரி ஆக்கித் தரேன்."

வழக்கமாக அவர் உட்கார்ந்திருந்து கையோடு வாங்கிக்கொண்டு போவார். ஆனால் பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. ஃபெர்ரி கிளம்பும் நேரம். கடைக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். இரண்டு வருடம் சரியாகச் செய்தவர்கள். சிக்ருனுக்குத் தெரிந்தது போர்கில்டுக்கும் தெரியாமலா இருக்கும்? வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். போர்கில்ட் கையசைத்தாள். அவரும் கையசைத்துவிட்டுப் போனார்.

போர்கில்டுக்கு அவரைப் பிடிக்கும். வருடம் தவறாமல் வருகிற மனிதர், ஒரு குறை சொன்னதில்லை, ஒரு சலுகை கேட்டதில்லை. இப்படிப்பட்டவர்களால்தான் கடை நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அன்று மற்ற எல்லா வேலையையும் தள்ளி வைத்தாள். மூன்றாவது மடிப்பை இறக்கினாள். தேய்ந்த முழங்கால் துண்டுகள் இரண்டையும் பிரித்தெடுத்து, கழிவுச் சாக்கில் போட்டுவிட்டுப் புதியவை வைத்தாள். இடது துண்டில் பச்சைப் பெயின்ட் அப்பியிருந்தது. எங்கே போய் உருண்டானோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். ஜிப்புக்கு மெழுகு தேய்த்தாள். பிறகு அங்கியை மெஷினில் போட்டாள். கறை போகவில்லை என்று இரண்டாம் முறையும் போட்டாள். உலர்ந்த பிறகு மழைநீர் ஒட்டாத பூச்சு ஏற்றி, மடித்து, நாடாவால் கட்டி வைத்தாள். யாருக்கும் அவள் இவ்வளவு செய்ததில்லை.

வியாழக்கிழமை ஹோவார் வந்தார். அவள் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பாருங்க, உங்களுக்கே அடையாளம் தெரியாது!"

அவர் நாடாவைப் பிரித்தார். புதிய முழங்கால்களைப் பார்த்தார். அங்கியை மெல்லத் தூக்கி, குனிந்து, கழுத்துப்பட்டைக்குள் முகத்தை வைத்தார். தாய்மார்கள் சிலர் சோப்பு வாசனை பார்ப்பார்கள்; அப்படித்தான் போலும் என்று போர்கில்ட் நினைத்தாள். அவர் நெடுநேரம் நிமிரவில்லை.

பிறகு அங்கியை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்தார். நாடாவைக் கட்டவில்லை. அப்படியே கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். "ரொம்ப நன்றி."

கதவுமணி அடித்தது. அவர் மழையில் தொப்பி போடாமல் நடந்து போவதைப் போர்கில்ட் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தான் செய்தது ஒருவருடைய மனத்தை இவ்வளவு தொட்டுவிட்டதே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் சிக்ருன் மாவுக்கட்டுக் கையோடு காபி குடிக்க வந்தாள். போர்கில்ட் வந்தவர் போனவர் கதையெல்லாம் சொன்னாள்.

"உன் ஃபெர்ரிக்காரர் வந்தாரு. ஹோவார். அந்த அங்கிய நான் எப்படி ஆக்கினேன்னு நீ பாத்திருக்கணும். ரெண்டு தடவ துவைச்சேன், தெரியுமா?"

சிக்ருன் கோப்பையை வைத்தாள். "என்ன பண்ண?"

"துவைச்சேன். சேறு அப்படியே..."

"போர்கில்ட்." சிக்ருனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "ஐயோ போர்கில்ட். அந்தப் புள்ள செத்துப்போச்சு."

கடையில் வேறு யாரும் இல்லை. சிக்ருன் எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், அடக்கம், கழுத்துப்பட்டையைச் சுற்றி வைத்த துணி எல்லாம். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று போர்கில்ட் கேட்கவே இல்லை. அவளும் இந்தக் கடற்கரைக்காரிதான். ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் சிக்ருன் சுவரைக் காட்டி, "அதைக் கேட்டதே அவன்தான்" என்றாள்.

போர்கில்ட் எழுந்து பின்கட்டுக்குப் போய் ஏணியையும் வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் கொண்டு வந்தாள். இரண்டு படி ஏறினாள். தூரிகையை நனைத்தாள்.

"எறங்கு" என்றாள் சிக்ருன்.

"எப்படி இதை வச்சுக்கிட்டு நான் இங்க நிப்பேன்?"

"நீ நிக்கிறதுக்காக இல்ல. ராக்னா நகரத்துக்கு வந்தா அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னு இதைப் படிச்சிட்டுத்தான் போவா. நான் பாத்திருக்கேன். அவங்க வீட்டுக்கு வெளிய அவன் பேசினது இங்க ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. இதையும் நீ வெள்ளையடிக்கப் போறியா?"

தூரிகையிலிருந்து வெள்ளைச் சொட்டுகள் தரையில் விழுந்தன. போர்கில்ட் இறங்கி வந்து ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அழுதாள். சிக்ருன் உடையாத கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் போர்கில்ட் ஃபெர்ரிக்குப் போனாள். கார்கள் இறங்கி முடியும்வரை காத்திருந்து, தளத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த ஹோவாரின் எதிரில் போய் நின்றாள். பாதை முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"எனக்குத் தெரியாது ஹோவார். எனக்குத் தெரியவே தெரியாது."

அவர் குழாயை மூடினார். "தெரியும்."

"என்ன பண்ணா சரியாகும்னு சொல்லுங்க. எது வேணும்னாலும்..."

"நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க." அவர் அவளைப் பார்க்காமல் அலையைப் பார்த்தார். "நான் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும்."

"அவங்க... ராக்னா எப்படி இருக்காங்க?"

"அழல. வாங்கி மோந்து பாத்தா. கடையில தொங்கற சட்டை மாதிரி இருக்குன்னு சொன்னா. அப்புறம் கொண்டு போய் முன்கூடத்துக் கொக்கியில மாட்டிட்டா. யாரோ விருந்தாளியோடது மாதிரி அங்க தொங்குது. இப்பல்லாம் இழுப்பறைய தொறக்கறதில்ல." கையிலிருந்த குழாயை உருட்டினார். "காலைல எழுந்திருக்கறதும் இல்ல."

கடல்காற்று குளிர்ந்து அடித்தது. போர்கில்ட் தன் கோட்டின் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்தச் செய்தி இனிமே வராது. உங்க பேரை நான் எடுத்துடறேன்" என்றாள்.

"எடுத்துடாதீங்க" என்றார் அவர் சட்டென்று. முதல்முறையாக அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. "மடிப்பு முடிஞ்சு போச்சு, தெரியும். ஆனாலும் எடுத்துடாதீங்க."

அவர் மறுபடி குழாயைத் திறந்தார். ஃபெர்ரியின் தளம் ஓரங்களில் பெயின்ட் உரிந்திருந்தது. விளிம்பில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள். ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் தண்ணீரை மெதுவாக விட்டார். "இங்கதான் முட்டி போட்டு உக்காருவான். இது வழியா கடலைப் பாப்பான். பெயின்ட் காயலடான்னு சொன்னாலும் கேக்க மாட்டான்."

தளத்தின் பெயின்ட் பச்சை.

போர்கில்ட் கடைக்கு எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனாள். கழிவுச் சாக்கு இருந்த இடத்தில் புதுச் சாக்கு இருந்தது. கிழிந்த துண்டுகளையும் வீணாக்கக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம்தான். சாக்கு நிறைந்ததும் லாரியில் ஏற்றி, மலைகளுக்கிடையே கடல் புகுந்து நீளும் ஃப்யோர்டின் உள்முனையில் இருக்கும் ஓர் அரவைக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். அங்கே அரைத்து, வீட்டுச் சுவர்களுக்குள் குளிர் புகாமல் திணிக்கும் பஞ்சாக்குவார்கள். லாரி திங்கட்கிழமையே போயிருந்தது.

தொலைபேசியில் கேட்டாள். எப்போது அரைப்பார்கள்?

"நாளைக்குக் காலைல போடுவோம்" என்றார் கொட்டகைக்காரர். "ஏன், தங்கத்த தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல. நீங்க போடாதீங்க. நான் வரேன். தயவுசெஞ்சு போடாதீங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது, தொலைபேசியில் சொன்னபடி அவர் சாவியை வாசல் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். யாரிடமும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை என்பதற்காகப் போர்கில்ட் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். கொட்டகைக்குள் பல ஊர்ச் சாக்குகள் கூரை வரை அடுக்கியிருந்தன. தன் சாக்குகளைத் தேடி இழுத்து, சிமென்ட் தரையில் கொட்டி, குவியலுக்கு நடுவில் மண்டியிட்டாள். எல்லாம் அவள் கடை முழங்கால்கள். கருநீலம், சிவப்பு, மஞ்சள், மறுபடி கருநீலம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒரு பக்கம் வைத்தாள். எத்தனை பிள்ளைகள் விழுந்து எழுந்த துணிகள்! இவை தேய்ந்து தன்னிடம் திரும்பி வருவதையே அவள் இத்தனை வருடம் தன் வெற்றியாக எண்ணிச் சந்தோஷப்பட்டிருந்தாள். முதல் மடிப்பு இறங்குவதற்குள் ஒரு பிள்ளையின் காலம் நின்றுவிடலாம் என்று அவள் நினைத்ததே இல்லை.

கை தூசியில் கறுத்தது. ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. வலது துண்டு கிடைக்கவே இல்லை. பச்சை இல்லாததால் அது எதுவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. இடது துண்டு கடைசிச் சாக்கின் மூலையில், ஒரு சிவப்புத் துண்டோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. காய்ந்த சேறு அப்படியே இருந்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைப் பெயின்ட். துணி முழங்காலின் வடிவத்திலேயே லேசாகக் குழிந்து இறுகியிருந்தது.

அவளை அறியாமல் கை அதை முகத்தருகே கொண்டு போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதில் மிச்சமிருந்த எதுவும் அவளுக்கானது இல்லை. கொண்டு வந்திருந்த பையில் அதை வைத்து, காற்றுப் புகாமல் அழுத்தி மூடினாள்.

தரையில் கிடந்தவற்றையெல்லாம் மறுபடி சாக்கில் நிரப்பிக் கட்டிவிட்டு, சாவியைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ஹோவாருக்கு ஓய்வு நாள். ஃபெர்ரியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். போர்கில்ட் காரை எடுக்காமல், மற்றப் பயணிகளோடு பயணியாகத் தீவில் இறங்கினாள். சிக்ருன் சொல்லியிருந்த வலப்பக்கத்துச் சாலையில் நடந்தாள். மழை சாய்ந்து பெய்தது. சாலை திரும்பும் இடத்தில் அந்தப் பகுதி வீடுகளின் தபால் பெட்டிகள் எல்லாம் ஒரே சட்டத்தில் வரிசையாக நின்றன. மூன்றாவது பெட்டியில் ஹோவார், ராக்னா, வெட்லே என்று மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் ஒரு பிள்ளையின் கையெழுத்தில், கடைசி எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதியிருந்தது.

மேலே மேட்டில் வீடு தெரிந்தது. திரைகள் மூடியிருந்தன. புகைபோக்கியில் புகை இல்லை.

என்ன எழுதுவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள். மன்னிப்பு என்று எழுதினால் அவர்கள் மன்னிக்க வேண்டியிருக்கும். கடையின் பெயரை எழுதினால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். இரண்டுக்கும் அந்த வீட்டில் இப்போது பலம் இல்லை. அவள் ஒன்றும் எழுதவில்லை.

பெட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அடிப்பக்கத்தைத் துடைத்தாள். பிறகு பையை உள்ளே வைத்து, காற்றில் திறந்துகொள்ளாதபடி மூடியை அழுத்தி மூடினாள்.

சாலையில் யாரும் வரவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற ஆடுகள்கூட மழைக்கு முதுகைக் காட்டி நின்றன. போர்கில்ட் வந்த வழியே படகுத்துறைக்கு நடந்தாள். திரும்பும் ஃபெர்ரி வர இன்னும் நேரம் இருந்தது. காத்திருப்போர் அறைக்குள் போகாமல், வெளியிலேயே நின்றாள்.